அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுக்கு 8 அங்குல மெத்தை போடலாமா?

பெருந்துறை அம்மா

அனைவருக்கும் வணக்கம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு ஐந்தரை. இருவருக்கும் ஒதுக்கிய அறை பத்தடிக்குப் பத்தடிதான் என்பதால், தனித்தனியாகக் கட்டில் போட்டால் மேசை வைக்க இடமிருக்காது. ஆகவே என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தன் தோட்டத்து வேப்பமரத்தை அறுத்து வைத்திருந்த பலகைகளைக் கொண்டு, ஊர் ஆசாரியிடமே ஓர் அடுக்குக் கட்டில் செய்துகொண்டோம். கட்டில் நன்றாகவே அமைந்துவிட்டது. மெத்தை விஷயத்தில்தான் வீட்டுக்குள் மூன்று கட்சிகள்.

ஈரோட்டில் நாங்கள் போன கடையில், 8 அங்குல ஸ்பிரிங் மெத்தை இரண்டைச் சேர்த்து எடுத்தால் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் 6 அங்குல ஃபோம் போதும் என்கிறார். என் மாமியாரோ, ஃபோமில் படுத்தால் பிள்ளைகளுக்கு உடம்பு சூடு பிடித்துவிடும், இலவம்பஞ்சு மெத்தையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று உறுதியாக நிற்கிறார். எங்கள் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே இருப்பதால், சித்திரை மாதத்தில் நள்ளிரவு வரை தளம் அனலடிக்கும். அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை. இரு தட்டுக்கும் ஒரே மெத்தை வாங்கலாமா, எத்தனை அங்குலம் வாங்கலாம், எந்த வகை நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சிங்காநல்லூர் மரப்பட்டறை

எந்த மெத்தை என்பதற்கு முன்னால் டேப்பை எடுத்து நான்கு அளவுகளைச் சொல்லுங்கள். மேல்தட்டுப் பலகையிலிருந்து தடுப்புக் கட்டையின் மேல்விளிம்பு எவ்வளவு உயரம்? மெத்தை உட்காரும் பகுதியின் உள்நீளமும் உள்ளகலமும் எவ்வளவு? கீழ்ப்பலகைக்கும் மேல்தட்டின் அடிப்பாகத்துக்கும் நடுவே எவ்வளவு இடம்? தரையிலிருந்து மேல்பலகை எவ்வளவு உயரம், மின்விசிறி எங்கே தொங்குகிறது? இவை தெரியாமல் யார் சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

பெருந்துறை அம்மா

அளந்துவிட்டேன், அண்ணா. தடுப்புக் கட்டை பலகையிலிருந்து பத்தரை அங்குலம். உள்ளளவு நீளம் 72.5, அகலம் 36. இரண்டு தட்டுக்கும் இடையே 34 அங்குலம் இருக்கிறது. மேல்பலகை தரையிலிருந்து 52 அங்குல உயரத்தில் உள்ளது. அறையின் உயரம் பத்தடி. விசிறி அறையின் நடுவில். கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறோம். பலகை 12 மி.மீ. பிளைவுட்.

சிங்காநல்லூர் மரப்பட்டறை

நன்றி. கணக்கு இனி எளிது. அடுக்குக் கட்டிலில் மெத்தையின் கனத்தைத் தீர்மானிப்பது கடைக்காரரும் அல்ல, நாமும் அல்ல; தடுப்புக் கட்டைதான். உங்கள் பத்தரை அங்குலத்தில் 8 அங்குல மெத்தையைப் போட்டால் தடுப்பு இரண்டரை அங்குலம்தான் மிஞ்சும். தூக்கத்தில் புரளும் பிள்ளைக்கு அது தடுப்பே அல்ல, இடறிவிடும் வரப்பு. வீட்டுக்காரர் சொல்லும் 6 அங்குலத்துக்கு நாலரை மிஞ்சும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள விதி, மெத்தையின் மேற்பரப்புக்கு மேல் தடுப்பு குறைந்தது 5 அங்குலம் நிற்க வேண்டும் என்கிறது. ஐரோப்பியத் தரநிலை இன்னும் கறாராக 16 சென்டிமீட்டர், அதாவது ஆறேகால் அங்குலத்துக்குச் சற்று மேல், கேட்கிறது. நீங்கள் 4 அங்குல மெத்தை போட்டால் ஆறரை மிஞ்சும். இரண்டு கணக்குக்கும் சரியாகிவிடும். மேல்தட்டில் 5 அங்குலத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், 4 உத்தமம்.

இதில் ஓர் எதிர்ப்பக்கமும் உண்டு. பல ஆசாரிகள் தடுப்பை ஒரே பலகையாக அடிக்காமல் இடைவெளி விட்டு இரண்டு மூன்று கட்டைகளாக அடிப்பார்கள். மெல்லிய மெத்தை போட்டவுடன், கனமான மெத்தையால் மறைந்திருக்கும் அந்த இடைவெளி வெளியே தெரியும். மூன்றரை அங்குலத்துக்கு மேல் எந்தச் சந்தும் இருக்கக் கூடாது. சிறு பிள்ளையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் அபாயம் அங்கேதான். சந்து பெரிதாக இருந்தால் நடுவில் ஒரு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, அடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. சுவர்ப் பக்கமும் தடுப்பு வேண்டும். சுவரே காக்கும் என்று நினைப்பவர்கள், கட்டில் நாளடைவில் நாலு விரல் நகர்ந்து பள்ளம் விழுவதைக் கவனிப்பதில்லை.

மகனை இப்போது மேலே படுக்க வைக்காதீர்கள். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மேல்தட்டு கூடாது என்பது அதே அமெரிக்க விதிப்படி கட்டிலில் ஒட்ட வேண்டிய எச்சரிக்கை. மகளே மேலே இருக்கட்டும்.

விசிறிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பத்தடி அறையின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 60 அங்குலம். நம் வீடுகளில் உள்ள 48 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 24 அங்குலம் நீளும். ஆக இறக்கையின் நுனி சுவரிலிருந்து 36 அங்குலத்தில் சுற்றுகிறது. உங்கள் கட்டிலோ சட்டங்களையும் சேர்த்தால் 39 அங்குலம் வரும். மூன்று அங்குலம் இறக்கைக்கு நேர் கீழே! மகள் மெத்தை மேல் எழுந்து நின்று கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. விசிறியைக் கழற்றிவிட்டு எதிர்ச்சுவரில் சுவர் விசிறி பொருத்துங்கள். மெத்தைக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

ஆனைமலை அக்கா

தங்கைக்கு வணக்கம். எங்கள் வீட்டிலும் அடுக்குக் கட்டில் உண்டு; உங்கள் மாமியார் சொன்ன அதே இலவம்பஞ்சை மேல்தட்டில் போட்டுத்தான் நாங்கள் பாடம் கற்றோம். பஞ்சு குளிர்ச்சிதான், அதை மறுக்கவே முடியாது. ஆனால் திணித்துத் தைத்துக் கொண்டுவந்த நாளில் 7 அங்குலம் உப்பியிருந்தது. தடுப்பு இருப்பதே தெரியவில்லை. ஆறு மாதத்தில் நடுவில் குழிந்து ஓரத்தில் மட்டும் மேடாக நின்றது. பஞ்சு மெத்தையை அவ்வப்போது வெயிலில் காய வைத்துத் தட்டிப் புரட்டினால்தான் அது மெத்தை, இல்லையென்றால் மூட்டை. அதை மேல்தட்டிலிருந்து இறக்கி மொட்டைமாடிக்குச் சுமந்து மறுபடி ஏற்றுவதற்குள் எங்கள் வீட்டில் யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது முறைக்குப் பின் அது கீழேயே தங்கிவிட்டது.

நான் சொல்வது தென்னை நார் மெத்தை. பொள்ளாச்சி வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாவிட்டால் எப்படி! சுருட்டிப் பிரித்த நாரின் மேல் ரப்பர்ப்பாலைத் தெளித்து, அழுத்தி, சூட்டில் இறுக்கி எடுப்பதுதான் கடையில் காயர் மெத்தை என்று விற்பது. இழைகளுக்கிடையே காற்று புகுவதால் ஃபோம் போல வெப்பத்தைப் பிடித்து வைக்காது. 4 அங்குலத்திலேயே கெட்டியாக நிற்கும். பெரியவர்களுக்கு முதல் வாரம் கட்டாந்தரை போலத் தோன்றும். வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கெட்டி ஒரு குறையே அல்ல. மேலே அரை அங்குலம் ஃபோம் வைத்துத் தைத்ததாகக் கேட்டு வாங்குங்கள், ஆனால் அந்த அரை அங்குலத்தையும் மொத்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சிங்காநல்லூர் மரப்பட்டறை

அக்கா சொன்ன நார் மெத்தையில் எனக்கு ஒரு தயக்கம் எடைதான். 72 × 36 × 4 அங்குலம் என்பது ஏறத்தாழ 0.17 கன மீட்டர். 40 டென்சிட்டி ஃபோம் என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ என்று பொருள். எனவே அந்த மெத்தை 7 கிலோவுக்குள் அடங்கிவிடும். நார் மெத்தை அதைவிடக் கணிசமாகக் கனக்கும். 12 மி.மீ. பிளைவுட்டுக்குக் கீழே குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எந்த மெத்தை போட்டாலும் நாளடைவில் நடுவில் தொய்யும். பலகையில் ஆங்காங்கே ஓர் அங்குல ஓட்டைகள் போட்டுவிட்டால் அடிப்பக்கம் வேர்த்துப் பூஞ்சை பிடிக்காது.

மேலும், நார் மெத்தை ஓரங்களில் வளைந்து கொடுக்காது. 36 அங்குல அகலத்துக்கு 36 அங்குல நார் மெத்தையே வாங்கினால், விரிப்பைச் செருக விரல் நுழையாது. அரை அங்குலம் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஃபோம் அமுங்கும் என்பதால் சரியளவே போதும்.

நூற்பாலை விடுதிப் பொறுப்பாளர்

பல்லடம் பக்கம் ஒரு பஞ்சாலையின் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். அறைகள் முழுவதும் அடுக்குக் கட்டில்கள்தான். ஒரு முறை விலை குறைவென்று டென்சிட்டி குறைந்த 4 அங்குல ஃபோம் வாங்கினோம். ஓராண்டுக்குள் இடுப்புப் படும் இடத்தில் பலகை தட்டத் தொடங்கியது. அதன் பிறகு 40க்குக் குறைந்து வாங்குவதில்லை. பிள்ளைகளின் எடைக்கு 32 டென்சிட்டிகூடச் சில ஆண்டுகள் தாங்கும், ஆனால் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: மேல்தட்டில் விரிப்பு மாற்றுவது ஏணியில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் செய்யும் வேலை. மெத்தை கனமாக இருந்தால் மூலையைத் தூக்கிச் செருகவே முடியாது. எங்கள் விடுதியில் சென்னிமலை விரிப்புகளின் நான்கு மூலையிலும் நாடா தைத்துக் கட்டிவிடுகிறோம். உறை ஜிப் வைத்ததாக இருக்கட்டும்; ரெக்சின் உறை வேண்டாம், வெயில் காலத்தில் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தரை வயதுப் பையன் இரவில் நனைத்துவிடும் பழக்கம் உள்ளவனென்றால் கீழ்மெத்தைக்கு மட்டும் நீர் புகாத விரிப்பு ஒன்று தேவை. நனைந்த பஞ்சு லேசில் காயாது, நாற்றமும் போகாது.

பெருந்துறை அம்மா

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் விசிறிக் கணக்கைக் காட்டியதும் பேச்சே இல்லை. நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார். மேலே 4 அங்குல 40 டென்சிட்டி ஃபோம் என்று முடிவு செய்துவிட்டோம். எடையைப் பார்த்துத்தான் நார் மெத்தையை விட்டோம், அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். கீழ்த்தட்டில் மட்டும் மாமியாரின் ஆசைக்காக இலவம்பஞ்சு போடலாமா? அவர்தான் ராத்திரியில் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுவார்.

சிங்காநல்லூர் மரப்பட்டறை

போடலாம், கீழே தடுப்புக் கணக்கு இல்லை. ஆனால் தலைக் கணக்கு உண்டு. 34 அங்குலத்தில் பஞ்சு மெத்தை 6 எடுத்துக்கொண்டால் 28தான் மிஞ்சும். பையனுக்கு அது தாராளம், பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சந்தலை மேல்பலகையில் இடிக்கும். பஞ்சைக் குறைத்து 4 அங்குலமாகத் தைக்கச் சொல்லுங்கள். அப்போதும் உங்கள் மாமியாருக்கு 30 போதாது. கட்டிலோரம் ஒரு முக்காலி போட்டுவிடுங்கள்.

ஆனைமலை அக்கா

கோபமில்லை, தங்கச்சி. அந்தப் பஞ்சு மெத்தையை வெயிலில் போட இப்போது ஏணி ஏற வேண்டியதில்லையே, அது போதும். தைப்பவரிடம் கொடுக்கும்போது பழைய பஞ்சை அடித்துக் கலந்துவிடாமல், புதுப் பஞ்சை உங்கள் கண்முன் திணிக்கச் சொல்லுங்கள்.