தொலைவில் பேரிடர்: ஸ்டேட்டஸ் வைப்பதைத் தாண்டி என்ன செய்யலாம்?

கேள்வி: 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவின்போது படங்களும் க்யூஆர் கோடுகளும் குவிந்தன. இப்படியான நேரத்தில் எதை நம்பிப் பணம் அனுப்புவது? பழைய துணி அனுப்பலாமா?

பதில் 1: ஃபார்வர்டில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். முறைகேட்டுக்குப் பயந்து கேரள அரசே அப்போது தன் தளத்திலிருந்து க்யூஆர் கோடை எடுத்துவிட்டது. முதல்வர் நிவாரண நிதியின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறங்கள், முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிய வேண்டும். யுபிஐ-யில் பின் எண்ணைப் போடுமுன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். தனிநபர் பெயரா? நிறுத்திவிடுங்கள். ரசீது முக்கியம், பழைய வருமான வரிமுறையில் இந்த நன்கொடைக்கு முழு விலக்கு உண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

பதில் 2: பழைய துணி வேண்டவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரச் சாலைகளில் அவை குவிந்து கிடந்தன. பிரிக்க ஆள் வேண்டும், மழையில் நனைந்தால் பூஞ்சை. முகாமில் கேட்டால் மட்டும் புதிய உள்ளாடை, நாப்கின், அளவு எழுதிய பெட்டியில்.

பதில் 3: படத்தைப் பகிருமுன் கூகுள் லென்ஸில் போட்டு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள், பல பழைய படங்களாக இருக்கும். 'அநாதைக் குழந்தை, தத்தெடுக்க அழையுங்கள்' என்று வந்தால் பகிரவே கூடாது. அநாதைக் குழந்தைகளைத் தத்தெடுப்பது மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா வழியாக மட்டுமே, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

பதில் 1: @பதில் 3, குழந்தைகளின் முகம் தெரியும் படங்களையும் பகிர வேண்டாம்.