கான்டாக்டரைச் சரிசெய்த ஸ்னப்பர் சிறிய ரிலேயை விடமாட்டேன் என்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். கிணற்று மோட்டாருக்கான கட்டுப்பாட்டுப் பலகையில் இரண்டு வெளியீடுகள் வைத்திருக்கிறேன். ஒன்று 230 வோல்ட் ஏசி காயில் உள்ள கான்டாக்டரையும் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்), மற்றொன்று எச்சரிக்கை மணிக்கான சிறிய 230 வோல்ட் ஏசி ரிலேயையும் இயக்குகின்றன. இரண்டிலும் கட்டளையை ஒளி வழியாகக் கடத்தும் எம்ஓசி 3021 ஆப்டோ கப்ளரும், காயிலுக்கு ஏசி மின்சாரத்தை விடும் மின்னணு சுவிட்சான பிடி 136-600இ ட்ரையாக்கும் உள்ளன. ஸ்னப்பர் (ட்ரையாக்கின் குறுக்கே தொடராக இணைக்கும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்) இல்லாதபோது, நிறுத்தக் கட்டளை கொடுத்த பிறகும் கான்டாக்டர் சில நேரங்களில் விடாமல் நின்றது. அதே லைனில் வேறொரு மோட்டாரை நிறுத்தினால் தானாகவே ஒருமுறை இழுத்து விட்டது. சில ட்ரையாக்குகள் ஷார்ட் ஆகியும் போயின. கடையில் கிடைத்த 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பரை இரண்டு ட்ரையாக்குகளின் குறுக்கேயும் போட்டதும் கான்டாக்டர் ஒழுங்காகிவிட்டது. ஆனால் இப்போது அந்தச் சிறிய ரிலே ஒருமுறை இழுத்தால் விடுவதே இல்லை. இழுத்த நிலையில் கான்டாக்டர் காயில் 35 மில்லியாம்பியரும், ரிலே காயில் 5 மில்லியாம்பியரும் எடுக்கின்றன.

பதில் 1

நீங்கள் அளந்து எழுதிய அந்த 5 மில்லியாம்பியரிலேயே விடை இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் எதிர்ப்பு ஏறக்குறைய 32 கிலோ ஓம் என்பதால், ட்ரையாக் அணைந்திருந்தாலும் ஸ்னப்பர் வழியாக 7 மில்லியாம்பியர் வரை ஓட முடியும். கான்டாக்டருக்கு அது போதாது. உங்கள் ரிலேக்கோ அது தாராளம்.

கான்டாக்டர் ஏன் விடாமல் நின்றது என்பதையும் பார்த்துவிடுவோம். காயிலில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருவதால், மின்னோட்டம் பூஜ்ஜியமாகி ட்ரையாக் அணையும் கணத்தில் லைன் மின்னழுத்தம் உச்சமான 325 வோல்ட்டை ஒட்டி நிற்கிறது. அந்த மின்னழுத்தம் மொத்தமும் திடீரென ட்ரையாக்கின் மேல் ஏறும்போது, அந்த வேகமே அதை மறுபடியும் இயக்கிவிடுகிறது. ஸ்னப்பர் தணிப்பது முக்கியமாக இந்த ஏறும் வேகத்தைத்தான்.

இழுத்த நிலையில் உங்கள் கான்டாக்டர் காயிலின் தூண்டல் (இண்டக்டன்ஸ்) சுமார் 20 ஹென்றி வரும். அதற்கு 10 நானோஃபாரட் போட்டாலே ஏறும் வேகம் மைக்ரோ நொடிக்கு 1 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும்; கசிவும் 0.7 மில்லியாம்பியர்தான். ஆகவே கான்டாக்டருக்கு 39 ஓமும் 10 நானோஃபாரட் எக்ஸ்2 வகைக் (மெயின் லைனில் நேரடியாகப் போடத்தக்க) கெப்பாசிட்டரும் போதும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வெறும் கெப்பாசிட்டரை மட்டும் போட்டால் என்ன?

பதில் 1

வேண்டாம். 325 வோல்ட்டில் நிறைந்திருக்கும் கெப்பாசிட்டர், ட்ரையாக் இயங்கும் கணத்தில் அதன் வழியாகவே காலியாகிறது. 39 ஓம் இருந்தால் அந்த மின்னோட்டம் 8 ஆம்பியரோடு நின்றுவிடும். இல்லாவிட்டால் மிகக் கூர்மையாக ஏறி ட்ரையாக்கை உள்ளேயே கருக்கிவிடும். கால் வாட் கார்பன் ரெசிஸ்டர் பலவும் இந்த உச்ச மின்னழுத்தத்துக்கு ஏற்றவை அல்ல. ஒரு வாட் வகையைப் போடுங்கள். கால்களைக் குட்டையாக வெட்டி, ட்ரையாக்கை ஒட்டியே பொருத்துங்கள். ஸ்னப்பர் இருக்கும்வரை அணைந்த நிலையிலும் காயில் முனையில் மின்சாரம் இருக்கும் என்பதால், மெயின் சுவிட்சை இறக்காமல் கை வைக்க வேண்டாம்.

பதில் 2

மேலே சொன்னவை சரியே. ஆனால் வேறொரு மோட்டாரை நிறுத்தும்போது கான்டாக்டர் தானாக இழுத்ததற்கு நான் முதலில் சந்தேகிப்பது ஆப்டோவைத்தான். எம்ஓசி 3021 தாங்குவது 400 வோல்ட்; 230 வோல்ட் லைனின் உச்சத்துக்கு மேல் மிச்சம் 75 வோல்ட்தான். ஒரு சிறு ஸ்பைக் (கண நேர மின்னழுத்த எழுச்சி) வந்தாலும் அது தானாகவே கடத்தி ட்ரையாக்கை இயக்கிவிடும். 600 வோல்ட் தாங்கும் எம்ஓசி 3063 அதே ஆறு கால் இடத்தில் பொருந்தும். உள்ளே இருக்கும் எல்இடிக்கு 5 மில்லியாம்பியர் போதும். நீங்கள் செய்வது வெறும் ஆன், ஆஃப் வேலை என்பதால், அது பூஜ்ஜியக் கடப்பில் (ஏசி மின்னழுத்தம் பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணத்தில்) மட்டுமே இயங்கும் வகை என்பது உங்களுக்குத் தடையல்ல.

ஸ்பைக்கின் உயரத்தை வெட்ட, லைன் நுழையும் இடத்தில் 14டி431 வேரிஸ்டரைப் போடுங்கள். 50 ஆம்பியர் பாயும்போது அது 710 வோல்ட் வரை விடக்கூடும் என்பதால் 600 வோல்ட் ட்ரையாக்கை முழுமையாகக் காக்காது. பிடி 136-800இ வாங்குவதே நல்லது.

சிறிய ரிலேக்கு ட்ரையாக்கே பொருத்தமில்லை. பிடி 136 கடத்தும் நிலையில் நிலைத்திருக்க 15 மில்லியாம்பியர் வரை தேவைப்படலாம். உங்கள் ரிலே கொடுப்பதோ ஐந்துதான். அந்த வெளியீட்டில் 12 வோல்ட் டிசி ரிலேயையும் ஒரு டிரான்சிஸ்டரையும் வைத்து, காயிலின் குறுக்கே 1என் 4007 டயோடைத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள். அங்கே ஸ்னப்பருக்கு வேலையே இல்லை.