கீசர் டேங்க் ஒழுகுது, வாரன்ட்டி 7 வருஷம்னு அட்டையில் இருக்கு, "தண்ணி சரியில்ல"ன்னு மறுக்கிறாங்க: என்ன செய்யலாம்?

கோத்தகிரி_மேடு

25 லிட்டர், 2 கிலோவாட் கீசர், உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட டேங்க். வாங்கி 3 வருஷம் 8 மாசம். அட்டையில் முழு கீசருக்கு 2 வருஷம், காயிலுக்கு 4, டேங்குக்கு 7 என்று இருக்கு. ரெண்டு வாரமா அடி மூடி ஓரத்துல சொட்டுது. சர்வீஸ் ஆள் கீழிருந்து வந்தார், மூடியைக் கழற்றவே இல்ல. "ஊத்துத் தண்ணி, வாரன்ட்டி வராது"ன்னு சொல்லிட்டு, போன்ல வந்த ஓ.டி.பி.யை வாங்கிட்டுப் போயிட்டார். அடுத்த நிமிஷமே புகார் முடிக்கப்பட்டதுன்னு மெசேஜ்.

பில் இருக்கு. அட்டையில் கடை முத்திரை இல்ல. தண்ணி வர்றது வீட்டுக்கு மேலே 70 மீட்டர் உயரத்துல இருக்கிற தொட்டியிலிருந்து. முத்திரை இல்லாதது சிக்கலா? வந்துபோற செலவு யாருது?

ஸ்பானர்_குன்னூர்

முதல்ல எங்கிருந்து ஒழுகுதுன்னு உறுதி பண்ணுங்க. "கீசர் ஒழுகுது"ன்னு புகார் எழுதினா, நிப்பிள்ல (கீசர்ல குழாய் சேர்ற இணைப்பு) கசிவுன்னு எழுதி முடிச்சிடுவாங்க. "டேங்க் ஒழுகுது"ன்னு எழுத ஆதாரம் வேணும்.

பிளக்கை மட்டும் இல்ல, எம்.சி.பி.யையே (போர்டுல இருக்கிற பிரேக்கர் சுவிட்ச்) கீழே தள்ளுங்க. குளிர்நீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்க. எல்லாத்தையும் துணியால நல்லாத் துடைச்சு, ரெண்டு நிப்பிள்லயும் பழைய செய்தித்தாளை இறுக்கிச் சுத்துங்க. இப்ப வெந்நீர்க் குழாயை மூடி, குளிர்நீர் வால்வைத் திறந்து, கரன்ட் இல்லாமலே ராத்திரி முழுக்க விடுங்க. காகிதம் நனைஞ்சா அது பிளம்பர் வேலை, வாரன்ட்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. காகிதம் காய்ஞ்சிருந்து அடி மூடி ஓரத்துல துருநிறத்துல தண்ணி இறங்கினா, ரெண்டே இடம்தான்: காயில் மாட்டியிருக்கிற தட்டோட கேஸ்கெட், இல்லன்னா டேங்க்.

கேஸ்கெட்னா ரப்பர் வளையம் மாத்தினாப் போதும். ஆனா அதுக்கு 2 வருஷ வாரன்ட்டிதான், உங்களுக்கு முடிஞ்சிடுச்சு. தட்டு காய்ஞ்சிருக்கு, தண்ணி மேலே நுரைக்காப்புக்குள்ளிருந்து வருதுன்னா டேங்க் ஓட்டை. மூடியை மட்டும் நீங்க கழற்றாதீங்க, உள்ளூர் ஆளையும் கழற்ற விடாதீங்க. ஸ்குரூ தலையில கீறல் இருந்தாலே "வெளியாள் கை வச்சிருக்கு"ன்னு எழுதிடுவாங்க. கம்பெனி ஆளே கழற்றட்டும், நீங்க பக்கத்துல நின்னு வீடியோ எடுங்க.

இன்னொண்ணு. சூடாகும்போது மட்டும் பாதுகாப்பு வால்வுல சொட்டுறது பழுது இல்ல. 25 லிட்டர் 12 டிகிரியிலிருந்து 60 வரை ஏறினா ஏறக்குறைய 400 மில்லி பெருகும், பின்னால போக வழியில்லன்னா வால்வு வழியா வெளியே வரும். நம்ம பக்கம் தண்ணி குளிர் அதிகம்ங்கிறதால கீழ்நாட்டைவிடக் கொஞ்சம் கூடவே சொட்டும். "சூடாக ரொம்ப நேரம் ஆகுது"ங்கிற புகாரும் அப்படித்தான். இதே 25 லிட்டர் இதே அளவு ஏற 2 கிலோவாட்டுக்கு 42 நிமிஷம் ஆகும், அது கணக்கு. மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினா காயில் 1.5 கிலோவாட்தான் இழுக்கும், இன்னும் நேரமாகும். இதுக்கெல்லாம் புகார் போட்டா வந்த செலவை நம்ம தலையில கட்டுவாங்க.

பில்_கட்டு

முத்திரை பற்றி: வாங்கிய தேதியை நிரூபிக்க பில்தான் முக்கியம். ஜி.எஸ்.டி. எண், மாடல், சீரியல் எண் மூன்றும் பில்லில் இருந்தால் முத்திரை இல்லாத அட்டை பெரிய தடை இல்லை. சீரியல் எண் பில்லில் இல்லையென்றால் கடையில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். கீசரின் ஸ்டிக்கரை இப்போதே படம் எடுங்கள். குளியலறை ஈரத்தில் அந்த எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும். 7 வருஷம் என்பது பதிவு செய்தால் மட்டுமா என்பதையும் அட்டையின் சின்ன எழுத்தில் பாருங்கள்.

ஓ.டி.பி. என்பது வேலை முடிந்தது என்று நீங்கள் போடும் கையெழுத்துக்குச் சமம். வேலை முடியாமல் கொடுக்கவே கூடாது. கொடுத்தது போகட்டும், பழைய புகார் எண்ணைச் சொல்லி "தீர்வு இல்லாமல் மூடப்பட்டது, மீண்டும் திறக்கவும்" என்று கேளுங்கள். அதே நாளில் மின்னஞ்சலும் போடுங்கள். நீளம் வேண்டாம்:

"மாடல் —, சீரியல் —, பில் தேதி —. டேங்க் வாரன்ட்டி 7 ஆண்டு. அடி மூடியிலிருந்து துருநீர் வருகிறது, நிப்பிள்கள் காய்ந்துள்ளன (படம் இணைப்பு). உங்கள் பணியாளர் மூடியைத் திறக்காமல், தண்ணீரை அளக்காமல் வாரன்ட்டி இல்லை என்றார். மறுப்புக்கான காரணத்தையும், பொருந்தும் வாரன்ட்டி விதியையும் எழுத்தில் தரவும். இல்லையேல் டேங்கை மாற்றித் தரவும்."

"தண்ணி சரியில்லை" என்பது அளவு அல்ல. எத்தனை டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு), எத்தனை கடினத்தன்மை, அட்டையில் அனுமதித்த எண் என்ன என்று கேளுங்கள். ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் ஆள் எழுதித் தரும் வேலைத் தாள்) அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். பொதுவாக மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. கீழே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் செய்வதுபோல் காயிலில் வெள்ளைப் படிவு கட்டாது. காயிலை வெளியே இழுக்கும்போது ஒரு படம் எடுத்துவிட்டால், உப்பு என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சந்தேகம் என்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் டி.டி.எஸ். ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், மொத்தக் கடினத்தன்மை 200, பி.எச். 6.5 முதல் 8.5. பி.எச். எண்ணை நன்றாகப் பாருங்கள். மலைத் தண்ணீரில் அவர்கள் நியாயமாகப் பிடிக்கக்கூடிய இடம் அமிலத்தன்மைதான்.

ஜாப் ஷீட்டில் "தவறான பயன்பாடு" என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்கு மேலே "ஏற்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். நகல் வாங்காமல் அவரை அனுப்பாதீர்கள், குறைந்தது ஒரு போட்டோ எடுங்கள்.

செலவு: 2 வருஷம் தாண்டிய பிறகு பல அட்டைகளில் டேங்க் இலவசம், கூலியும் போக்குவரத்தும் வாடிக்கையாளருடையது. சர்வீஸ் சென்டர் இல்லாத ஊர் என்றால் தனி விதியும் இருக்கும். புகார் பதியும்போதே தொகையைக் கேட்டு, ரசீதோடு மட்டும் கொடுங்கள்.

ஸ்பானர்_குன்னூர்

பில்_கட்டு சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். டேங்குக்குள்ள மக்னீசிய ஆனோடு ராடு இருக்கும். டேங்குக்குப் பதிலா தான் அரிக்கப்படுறதுதான் அதோட வேலை. உப்பு ரொம்பக் குறைஞ்ச தண்ணியில மின்னோட்டம் சரியா ஓடாது, அதனால ராடு பாதி மிச்சம் இருக்கும்போதே பூச்சு விட்ட இடத்துல டேங்க் துருப்பிடிக்கலாம். "ராடு மாத்தல, அதனால வாரன்ட்டி இல்ல"ன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. வருஷா வருஷம் ராடு பார்க்கணும்னு அட்டையில இருக்கான்னு முதல்லயே படிச்சு வச்சுக்குங்க. அட்டையில அப்படி இல்லன்னா அந்தப் பேச்சுக்கு இடமே இல்ல.

கொடைக்கானல்_குளிர்

வீட்டில் ரூம் வாடகைக்கு விடுறீங்களா? காட்டேஜ், ஹோம்ஸ்டே பேரில் பில் போட்டிருந்தா முதல் கேள்வியே அதுதான் வரும். வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு நிறைய அட்டையில இருக்கு. கொடைக்கானல்ல பாதிப் பேருக்கு இங்கேதான் மாட்டுது.

கோத்தகிரி_மேடு

வாடகை இல்லைங்க, பில் என் பேர்லதான். காகிதம் சுத்திப் பார்த்தேன், ரெண்டு நிப்பிளும் காய்ஞ்சிருக்கு, துருத்தண்ணி மட்டும் வருது. பிளம்பர்கிட்ட இருந்த கேஜ் வச்சுப் பார்த்தா அழுத்தம் 7 கிலோ கிட்ட காட்டுது. இது பாதகமா? இதுக்கு நடுவுல "பழசைக் கொடுத்துட்டு தள்ளுபடியில புதுசு வாங்கிக்கங்க"ன்னு கம்பெனியிலிருந்து போன்.

ஸ்பானர்_குன்னூர்

10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 1 பார். 70 மீட்டருக்கு 7 வர்றது சரிதான். ஸ்டிக்கர்ல 0.8 எம்.பி.ஏ. அல்லது 8 பார்னு இருந்தா நீங்க வரம்புக்குள்ளதான் இருக்கீங்க. மறைக்க வேண்டியதில்ல, கேஜ் படத்தையும் சேர்த்தே அனுப்புங்க. 6.5 பார்னு இருந்தா அவங்க பக்கம் நியாயம் இருக்கு. எதுவானாலும் புது கீசர் மாட்டும்போது உள்ளே வர்ற குழாயில அழுத்தம் குறைக்கும் வால்வைப் போட்டு 3 கிலோவுக்கு வைங்க, பாதுகாப்பு வால்வுக்கு முன்னால வரணும். 7 கிலோவுல பூச்சுக்கும் வெல்டுக்கும் நாள் முழுக்கப் பாரம்தான்.

பில்_கட்டு

தள்ளுபடி என்பது விற்பனை, வாரன்ட்டி அல்ல. ஒப்புக்கொண்டால் உங்கள் உரிமை அதோடு போச்சு. பெரும்பாலான மாடல்களில் டேங்க் நுரையோடு ஒட்டியிருப்பதால் தனியாக மாற்ற முடியாது. உடலையே மாற்றி, பழைய காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் அதில் பொருத்துவார்கள், அல்லது முழு கீசரும் தருவார்கள். இரண்டும் சரி.

எழுத்தில் பதில் வரவில்லை என்றால் 1915-க்கு அழைத்துப் பதியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதற்கும் அசையவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; உங்களுக்கு உதகை, கொடைக்கானல்காரர்களுக்கு திண்டுக்கல். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, கால வரம்பு பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷம்.

மாற்றித் தந்தால் புது சீரியல் எண்ணை ஜாப் ஷீட்டில் எழுத வையுங்கள். வாரன்ட்டி பெரும்பாலும் பழைய பில் தேதியிலிருந்தே எண்ணப்படும், அதனால் பழைய பில்லைக் கிழித்துப் போடாதீர்கள்.