பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் உருக மறுக்கிறது: எங்கே தவறு செய்கிறேன்?

இளவேனில், இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை வேதியியல் முதலாண்டு செய்முறைத் தேர்வு வெள்ளிக்கிழமை நடக்கவிருக்கிறது. இருகூறு கரிமக் கலவையைப் பிரிக்கும் பயிற்சியில், பென்சாயிக் அமிலமும் நாப்தலீனும் (அந்துருண்டைப் பொருள்) கலந்த கலவையைப் பிரித்துவிட்டேன். தூய பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் உருக வேண்டும். ஆனால் என் அமிலம் 106 டிகிரியில் இளகத் தொடங்கி 117 டிகிரியில்தான் முழுவதும் உருகுகிறது. மூன்று முறை செய்தும் இதே முடிவுதான் வந்தது. என்ன தவறு என்று யாரேனும் உடனே சொல்லுங்கள்.

நுண்குழல், இரவு 9.05

நீங்கள் எப்படிப் பிரித்தீர்கள் என்பதையே எழுதவில்லையே. எந்தக் காரத்தைப் பயன்படுத்தினீர்கள், எந்தக் கரைப்பானில் கரைத்தீர்கள், எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள், பொடி அடைத்த நுண்குழலை எந்த வேகத்தில் சூடாக்கினீர்கள் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட பத்துச் சிக்கல்களில் ஏழுக்கு வேகமாகச் சூடாக்குவதே காரணம். எதிர்பார்க்கும் வெப்பநிலைக்கு 15 டிகிரி கீழே வரும்வரை விரைந்து போகலாம். அதன்பின் நிமிடத்திற்கு 1 அல்லது 2 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. எண்ணெய்த் தொட்டி விரைந்து சூடானால் வெப்பமானி ஒன்றைக் காட்டும், குழலுக்குள் இருக்கும் பொடி வேறொரு வெப்பநிலையில் இருக்கும்.

வைகறை, இரவு 9.12

ஈரம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வடிதாளில் இரண்டு முறை ஒற்றி எடுத்துவிட்டு அப்படியே நுண்குழலில் அடைத்துவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அடுத்த முறை குழலைச் சூடாக்கும்போது, பொடிக்கு மேலே உள்ள கண்ணாடிச் சுவரை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 100 டிகிரியை நெருங்கும்போது அங்கே மெல்லிய பனி படிந்து, சிறு முத்துகளாகத் திரண்டால், உங்கள் அமிலம் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது என்று பொருள்.

புனல்காரர், இரவு 9.30

காரக் கரைசலை ஈதரால் மறுபடி கழுவினீர்களா என்று யாருமே கேட்கவில்லை. காரம் பென்சாயிக் அமிலத்தை உப்பாக்கி நீருக்குள் இழுத்துக்கொள்ளும், நாப்தலீன் மேலே ஈதரிலேயே நிற்கும். பிரிபுனலில் அடியடுக்கான காரக் கரைசலைத் திறந்துவிடும்போது, நடுவே நிற்கும் நுரைபோன்ற பால்மமும் கொஞ்சம் கூடவே இறங்கிவிடும். அதில் ஈதர்த் துளிகள் இருக்கின்றன. அந்தத் துளிகளில் நாப்தலீன் இருக்கிறது. அமிலம் சேர்த்தவுடன் அதுவும் பென்சாயிக் அமிலத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும்.

தாய்க்கரைசல், இரவு 9.41

அமிலப்படுத்தியபோது உருவான சோடியம் குளோரைடு கலந்திருக்கும் என்பது என் ஊகம். குளிர்ந்த நீரால் இரண்டு முறை நன்றாகக் கழுவிப் பாருங்கள்.

பழைய சோதனைச்சாலை, இரவு 10.02

இந்தத் தலைமுறை மாணவர்கள் உருகுநிலையை ஓர் எண்ணாக மட்டுமே பார்க்கிறார்கள் என்பதை நான் பல முறை எழுதியிருக்கிறேன். இளநிலை முதலாண்டிலேயே கற்றிருக்க வேண்டிய அடிப்படையை முதுநிலையில் வந்து கேட்பது வருத்தமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். மாசு உருகுநிலையைக் குறைக்க வேண்டுமானால், அந்த மாசு உருகிய திரவத்தில் கரைய வேண்டும். சோடியம் குளோரைடு உருகிய பென்சாயிக் அமிலத்தில் கரையாது. ஆகவே அது உருகுநிலையை இறக்காது. எல்லாம் தெளிந்த பிறகும் குழலின் அடியில் உருகாத வெண்துகளாக நிற்கும். மேலே உப்பைக் குற்றம் சொன்னவர் இதைச் சிந்திக்காமல் எழுதிவிட்டார். தம்பி அல்லது தங்கை, முதலில் பாடநூலைத் திறந்து உறைநிலைத் தாழ்வு என்ற பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

தாய்க்கரைசல், இரவு 10.10

நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாளை மறுநாள் தேர்வு எழுதப் போகிறவரிடம் இவ்வளவு கடுமையாகப் பேச வேண்டியதில்லை.

இளவேனில், இரவு 10.25

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கலவை 1 கிராம், ஈதர் 20 மி.லி., 10 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு. ஒரே ஒரு முறைதான் குலுக்கினேன். நேரம் குறைவாக இருந்ததால் அடுக்குகள் முழுவதும் தெளியும்வரை காத்திருக்கவில்லை. ஈதரால் மறுபடி கழுவவும் இல்லை. உடனே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து வடிகட்டினேன். வடிதாள்களுக்கு நடுவே 20 நிமிடம் வைத்து உலர்த்தினேன். சூடான நீரில் கரைத்து ஆறவிட்டு மறுபடிகமாக்கவும் இல்லை. அமிலத்தில் அந்துருண்டை வாசம் லேசாக வருகிறது.

புனல்காரர், இரவு 10.48

அந்துருண்டை வாசம் வருகிறது என்பதை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி உரையாடல் தேவைப்பட்டிருக்காது. கணக்கும் ஒத்துவருகிறது, பாருங்கள். கலவையில் பாதிக்குப் பாதி நாப்தலீன் என்று வைத்துக்கொண்டால், 20 மி.லி. ஈதரில் 0.5 கிராம் கரைந்திருக்கும், 1 மி.லி. ஈதரில் 25 மில்லிகிராம் இருக்கும். தெளியாத பால்மத்தோடு அந்த ஒரு மில்லிலிட்டர் இறங்கியிருந்தாலே போதும். அரை கிராம் பென்சாயிக் அமிலத்தோடு 25 மில்லிகிராம் நாப்தலீன் சேர்ந்தால், நூறு மூலக்கூறுகளில் ஏறத்தாழ நான்கரை மூலக்கூறுகள் நாப்தலீனாக இருக்கும். பென்சாயிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒரு மாசு மூலக்கூறு உருகுநிலையை ஏறத்தாழ 0.7 டிகிரி குறைக்கும். எனவே இதனாலேயே 3 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். மீதித் தாழ்வுக்கு வைகறை சொன்ன ஈரம் காரணமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. குலுக்கிய பிறகு பிரிபுனலை வளையத்தில் வைத்து, எல்லைக்கோடு கத்தியால் கீறியதுபோல் தெரியும்வரை தொடாதீர்கள். பால்மம் பிடிவாதமாக நின்றால், பூரிதச் சோடியம் குளோரைடு கரைசல் சில மில்லிலிட்டர் சேர்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். எல்லைக்கோடு குழாய்த் திருகை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, கடைசிச் சில துளிகளை ஈதர்ப் பக்கமே விட்டுவிடுங்கள். அமிலத்தில் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. காரக் கரைசலை 10 மி.லி. புது ஈதரால் இரண்டு முறை கழுவுங்கள். 100 கிராம் நீரில் 6 கிராம் அளவுக்கு ஈதர் கரையும் என்பதால், கழுவிய பின்னும் காரக் கரைசலில் ஈதர் தங்கியிருக்கும். அதை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, புகைபோக்கிப் பெட்டிக்குள், அருகில் எந்தச் சுடரும் இல்லாமல் போக்கிவிடுங்கள். ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், மேசைமேல் தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள சுடரையும் பற்றிவிடும்.

நுண்குழல், இரவு 11.02

வெப்பமானியின் மீதுள்ள ஐயத்தையும் தீர்த்துவிடுங்கள். புட்டியில் இருக்கும் ஏ.ஆர். எனும் உயர் ஆய்வுத் தரப் பென்சாயிக் அமிலத்தை இன்னொரு நுண்குழலில் அடைத்து, அதே எண்ணெய்த் தொட்டியில் உங்கள் குழலோடு பக்கத்தில் கட்டி வையுங்கள். அது 121-122இல் உருகி உங்களுடையது மட்டும் முன்கூட்டியே இளகினால், குறை கருவியில் இல்லை, பொருளில்தான் என்பது உறுதியாகிவிடும். அத்துடன், கூர்மையாக ஒரே டிகிரிக்குள் உருகினால் பொருள் தூயது என்று எடுத்துக்கொண்டு மறு வேலையைப் பார்க்கலாம்.

வைகறை, இரவு 11.15

கடைசி வாக்கியத்தில் உடன்படமாட்டேன். யூடெக்டிக் கலவையும், அதாவது இரு பொருள்கள் மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் விகிதத்தில் சேர்ந்த கலவையும், ஒரு தூய பொருளைப்போலவே கூர்மையாகத்தான் உருகும். கொதிநிலையிலும் இதே கதைதான். எத்தனாலும் நீரும் 95.6 விழுக்காட்டில் சேர்ந்த அசியோட்ரோப் எனும் மாறாக் கொதிநிலைக் கலவை 78.2 டிகிரியில் மாறாமல் கொதிக்கும். எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் அந்த அளவைத் தாண்டாது. 20.2 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 108.6 டிகிரியில் மாறாமல் கொதிக்கும். அதைச் சேர்மம் என்றே சிலர் கருதியிருந்த காலத்தில், அழுத்தத்தை மாற்றினால் அதன் இயைபும் மாறுகிறது என்று வேதியியலாளர் ரோஸ்கோ 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். மாறாத வெப்பநிலை தூய்மைக்கான ஓர் அறிகுறிதான், அதையே சான்றாகக் கொள்ள முடியாது.

நுண்குழல், இரவு 11.24

ஏற்கிறேன், ஆனால் இங்கே அது பொருந்தாது. நாப்தலீன் தனியாகவே 80 டிகிரியில் உருகும்; அதனோடு அமைந்த யூடெக்டிக் அதற்கும் கீழேதான் உருகும். 122இல் கூர்மையாக உருகும் பொருளை அதனோடு யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. ஐயம் இருந்தால் புட்டிப் பொருளோடு சமமாகக் கலந்து கலப்பு உருகுநிலை பாருங்கள். இறங்காவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

பழைய சோதனைச்சாலை, இரவு 11.40

தூய்மை என்பதே தேவையைப் பொறுத்த சொல் என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். ஏ.ஆர். புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். அங்கே 100 விழுக்காடு என்று எழுதியிருக்காது, இன்னின்ன மாசு இன்னின்ன அளவுக்கு மேல் இல்லை என்றுதான் எழுதியிருக்கும். ஒரு குறைகடத்திக்கு அந்தத் தூய்மை போதாது. அதனால்தான் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபான் 1950களின் தொடக்கத்தில் ஜெர்மானியத்திற்கு மண்டலத் தூய்மையாக்கல் முறையைக் கொண்டுவந்தார். தண்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் உருக்கி, அந்த உருகிய வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தினால், படிகத்தில் இடம் கிடைக்காத மாசு உருகிய பக்கமே தங்கி, தண்டின் கடைசி முனைக்குத் தள்ளப்படும். மாசு திண்மத்தைவிட உருகலில் இருக்க விரும்புவதால்தான் உருகுநிலையும் இறங்குகிறது. இந்த மாணவரின் நுண்குழலில் 106 டிகிரியில் நடப்பதும் அதே காரணத்தால்தான். இதைப் புரிந்துகொண்டால் மறுபடிகமாக்கலும் தானாகப் புரியும்.

புனல்காரர், இரவு 11.52

ஐயா, இதை நீங்கள் முதல் பதிலிலேயே இப்படி எழுதியிருக்கலாம். மாணவருக்கு மறுபடிகமாக்கல் எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 100 மி.லி. நீரில் பென்சாயிக் அமிலம் 25 டிகிரியில் 0.34 கிராம்தான் கரையும். கொதிநிலைக்கு அருகில் 5 கிராமுக்கும் மேல் கரையும். எனவே அரை கிராமுக்குக் கொதிநீர் 15 மி.லி. அளவில் போதும். அது முழுவதும் கரைந்ததும் சூடாகவே வடிகட்டி, வடிநீரை அசைக்காமல் மேசைமேல் வையுங்கள். பனிக்கட்டியில் உடனே இறக்கினால் படிகங்கள் பொடியாக விழுந்து மாசையும் சிறைப்பிடித்துக்கொள்ளும். மெல்ல ஆறவிட்டால் தட்டையான பளபளக்கும் இதழ்களாக வளரும். அவற்றைப் பார்த்தாலே உங்களுக்கு நம்பிக்கை வரும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு பனிநீரில் வைத்து, புக்னர் புனலில் வடித்து, மிகக் குறைந்த பனிநீரால் கழுவுங்கள். இரவு முழுவதும் நீரற்ற கால்சியம் குளோரைடு உள்ள டெசிகேட்டர் எனும் உலர்கலத்தில் வைத்து விடுங்கள். அடுப்பில் வைத்து உலர்த்த வேண்டாம். பென்சாயிக் அமிலம் 100 டிகிரியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பதங்கமாகிப் போகும்.

தாய்க்கரைசல், இரவு 11.58

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அமிலப்படுத்தும்போது லிட்மஸ் சிவந்ததும் நிறுத்திவிட வேண்டாம். பென்சாயிக் அமிலத்தின் பி.கே.ஏ. (அமில வலிமையைக் காட்டும் எண்) 4.2 என்பதால், பி.எச். அந்த அளவில் இருந்தால் கரைசலில் உள்ளதில் பாதி சோடியம் பென்சோவேட்டாகவே தங்கிவிடும். பி.எச். 2க்குக் கீழே வரும்வரை சேர்த்தால் விளைச்சலை இழக்காமல் இருக்கலாம்.

இளவேனில், மறுநாள் இரவு 7.20

எல்லோருக்கும் மிக்க நன்றி. புட்டி அமிலம் 121-122இல் உருகியது; வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது. சொன்னபடி தெளியவிட்டு, இரண்டு முறை ஈதரால் கழுவி, மறுபடிகமாக்கினேன். டெசிகேட்டரில் இப்போது 4 மணி நேரம்தான் ஆகிறது. முதல் முறை 118-121.5 வந்தது, சுவரில் பனி லேசாகத் தெரிந்தது. வாசம் அறவே இல்லை. காலையில் மறுபடி பார்க்கிறேன்.

வைகறை, மறுநாள் இரவு 7.45

மிக்க மகிழ்ச்சி. அந்தப் பனி நின்றுவிட்டால் கீழ் எல்லையும் ஏறிவிடும்.

இளவேனில், வெள்ளி காலை 7.10

120.5-122. தேர்வுக்குக் கிளம்புகிறேன்.

புனல்காரர், வெள்ளி காலை 9.30

வாழ்த்துகள். ஈதர் அடுக்கில் இருந்த நாப்தலீனை எப்படி எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஈதரை வெந்நீர்த் தொட்டியில் முழுவதும் ஓட்டிவிட்டால் நாப்தலீனும் ஆவியாகிக் குறைந்துபோகும்; கடைசிச் சில மில்லிலிட்டரை அறைக் காற்றிலேயே உலரவிட வேண்டும். அதன் உருகுநிலை 80 வந்ததா?