மடைத்திருகும் மரைக்கடியும்: சேம்பர் போல்ட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களுக்காக நாம் எழுதிவரும் பராமரிப்புக் கையேட்டில், இன்ஜின் ஆயிலை வடிப்பதற்காகச் சேம்பரின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியின்) அடியில் இருக்கும் போல்ட்டை எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்கு, 'வடிசெருகி', 'வடிதக்கை' என்ற இரு சொற்கள் இங்கே முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

செருகுவது வேறு, திருகுவது வேறு. புட்டியின் தக்கையைப் பிடுங்கி எடுக்கலாம். இந்தப் போல்ட்டோ மரையின் (திருகுபுரியின்) வழியாக மட்டுமே உள்ளே போகும், வெளியே வரும். அது வர மறுப்பதற்கும் பெரும்பாலும் மரையே காரணமாக இருப்பதால், பெயரில் திருகு இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. 'வடி' என்ற முன்னொட்டிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆயில் மாற்றும் அதே வேலையில் வடிகட்டியையும் கழற்றுகிறோம். காருக்கு அடியில் படுத்திருப்பவரிடம் 'வடி' என்று தொடங்கும் இரண்டு பொருள்களைக் கேட்டால் குழப்பமே மிஞ்சும். 'பிளக்' என்றே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார்; ஆனால் பட்டறையில் வெறுமனே பிளக் என்றால் அது தீப்பொறி பிளக்கைத்தான் குறிக்கும்.

ஆகவே 'மடைத்திருகு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கன்னடியன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் தண்ணீர் வரும் நாட்களில் மடையைத் திற, மடையை அடை என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சேம்பரின் துளை மடை. அதை அடைப்பது மடைத்திருகு. கொடைவிழாவில் சுடலைமாடனுக்குப் படைப்பதும் மடைதானே என்று யாரேனும் கேட்கலாம். இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதன்று.

பெயரைவிடப் பழுதுகளுக்கான சொற்களே எனக்கு முதன்மையாகப் படுகின்றன. கையேட்டின் வரைவில் 'பழுதடைந்த திருகு' என்று பொதுவாக எழுதியிருக்கிறோம். அது போதாது என்பதை என் தந்தையாரின் மாருதி 800 எனக்குக் கற்பித்தது. பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில், குழிக்குள் இறங்கிய மெக்கானிக் 17 ஆம் எண் ரிங் ஸ்பேனரைப் போட்டு ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, மரை கடிச்சிட்டு. இனி பைப்பைப் போட்டு மிதிச்சா தலை மழுங்கிரும், பாத்துக்கிடுங்க" என்றார். நானும் இறங்கிப் பார்த்தேன். அறுகோணத் தலையின் இரண்டு முனைகள் ஏற்கெனவே தேய்ந்து விளக்கொளியில் மின்னின. வாஷர் நசுங்கி ஓரத்தில் பிதுங்கியிருந்தது. பழைய வாஷரையே மீண்டும் போட்டதால் கசிவு ஏற்பட்டு, அந்தக் கசிவை நிறுத்த யாரோ மேலும் மேலும் இறுக்கியிருக்கிறார்கள். பல சிறிய கார்களில் இந்தப் போல்ட்டுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்கமே (இறுக்கும் திருப்புவிசையே) போதும்.

அவர் சொன்ன வாக்கியத்திலேயே நமக்கு வேண்டிய இரு சொற்கள் இருக்கின்றன. துருவினாலோ மிகை இறுக்கத்தாலோ போல்ட்டின் மரையும் துளையின் மரையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது 'மரைக்கடி'. ஸ்பேனருக்குப் பிடி கொடுக்காமல் முனைகள் தேய்ந்துபோவது 'தலைமழுக்கம்'. மூன்றாவதாக, போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தும் வெளியே வராமலோ, திரும்ப மாட்டும்போது இறுகாமலோ போவதை 'மரையழிவு' எனலாம். மரைக்கடிக்குத் துரு இளக்கும் எண்ணெயும் பொறுமையும் வேண்டும். தலைமழுக்கத்துக்கு ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனரோ, அதுவும் வழுக்கினால் தலைமேல் ஒரு நட்டைப் பற்றவைப்பதோ வழி. ஆயிலை, அதன் அளவைப் பார்க்கும் கோல் செருகியிருக்கும் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்த பிறகே பற்றவைக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் இட வேண்டும். மரையழிவுக்கோ துளையில் புது மரை வெட்ட வேண்டியிருக்கும். சொல் பிறழ்ந்தால் வைத்தியமும் பிறழும். மரைக்கடிக்குப் பலத்தைக் காட்டினால் மற்ற இரண்டையும் நாமே வரவழைத்துக்கொள்வோம்.

எங்கள் காரில் அவர் எண்ணெயை விட்டு மதியம் வரை ஊறவைத்தார். பிறகு இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு இளஞ்சூடாக்கி நிறுத்தினார். போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலைந்து தட்டுத் தட்டி, ஆறுமுனை பாக்ஸை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, அதன் பிறகே கழற்றும் பக்கம் திருப்பினார். கிறீச்சென்று ஓர் ஒலியோடு அது விட்டுக்கொடுத்தது.

திசை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரைவில் 'இடப்பக்கம் திருப்பவும்' என்று இருக்கிறது. மல்லாந்து படுத்திருப்பவருக்கு இடமும் வலமும் தடுமாறும். தவறான பக்கம் திருப்பியே பல மரைகள் அழிந்திருக்கின்றன. 'போல்ட்டின் தலையை நேர்நோக்கிப் பார்க்கையில் இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்) திருப்பவும்' என்று திருத்தக் கோருகிறேன். அத்துடன், 'மரை' என்பதைச் சில இடங்களில் 'மறை' என்று எழுதியிருப்பதையும் மாற்றிவிட வேண்டும்.

அழிந்த மரைக்குள் பொருத்தும் கம்பிச்சுருளுக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் கிடைக்கவில்லை. 'சுருள்மரை' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். கடைசல் பட்டறைகளில் இதற்கு வழக்குச்சொல் ஏதேனும் இருந்தால், கேட்டறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.