காகம் பற்றிய நம்பிக்கைகள்: விவரம் தந்து உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில், காகம் குறித்த நம்பிக்கைகள் நாட்டுக்கு நாடு எவ்வாறு மாறுகின்றன என்று பேச ஒப்புக்கொண்டுள்ளேன்.

வடக்கு ஐரோப்பியத் தொன்மத்தில் ஓடின் என்னும் கடவுளின் தோள்களில் அமர்ந்து உலகச் செய்திகளைச் சொல்லும் ஹுகின், முனின் என்னும் இரண்டு அண்டங்காக்கைகள், லண்டன் கோபுரத்தை விட்டு அங்குள்ள அண்டங்காக்கைகள் நீங்கினால் அரசு வீழும் என்ற அச்சம், ஜப்பானியக் கால்பந்துச் சங்கத்தின் சின்னத்திலும் இடம்பெற்ற மூன்று கால் காகமான யாதகராசு ஆகியவற்றைப் பற்றிப் போதிய குறிப்புகள் உள்ளன. நேபாளத்தில்தான் எனக்கு உதவி தேவைப்படுகிறது. அங்கே திகார் பண்டிகையின் முதல் நாளான காக் திகாரன்று, காகத்தை யமனின் தூதாகக் கருதி, கூரைமீதும் முற்றத்திலும் உணவு வைக்கின்றனர். நம் வீடுகளில் அமாவாசையன்று மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் சோற்றுருண்டையை வைத்து, "கா, கா" என்று அழைத்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கத்துக்கு இது மிக நெருக்கமாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் நேபாளத்தில் அது முன்னோருக்கான படையலா, கெட்ட செய்தி வராமலிருக்கச் செய்யும் வேண்டுதலா?

விருந்து வரக் கரைந்த காக்கைக்கு, வள்ளல் நள்ளியின் கானத்து நெய்யோடு தொண்டியின் வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் கொடுத்தாலும் போதாது என்கிறாள் குறுந்தொகை 210இல் வரும் தோழி. விருந்தை அறிவிக்கும் இந்த நம்பிக்கை வேறெந்த நாட்டிலேனும் உண்டா? நேபாளத்தில் வாழ்ந்தவர்களும், காகம் படையலைத் தொடாவிட்டால் தங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்பதை அறிந்தவர்களும், ஊர்ப்பெயரோடு இங்கே எழுதினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.