புதுப்பிப்பு: நாடகக் குழுப் பாராட்டு விழாவில் பெயர் விடுபடாமல் இருக்க வழி

46 பேரைப் பாராட்ட வேண்டும், ஒரு பெயரும் விடுபடக்கூடாது, நேரமும் இழுக்கக்கூடாது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "ஒத்திகையிலேயே கையெழுத்துத் தாள்" யோசனைதான். கடைசி இரண்டு ஒத்திகைகளில் தாளைச் சுற்றுக்கு விட்டோம். அவரவர் பெயரை, சான்றிதழில் வர வேண்டிய எழுத்திலேயே, அவரவரே எழுதினார்கள். பழைய வாட்ஸ்அப் பட்டியலோடு ஒப்பிட்டதில் ஒன்பது பெயர்களில் பிழை: ர/ற, இனிஷியல்.

பெயர் அகரவரிசை வேண்டாம். துறைவாரியாக, மேடைக்குப் பின்னால் இருப்பவர்களை முதலில் அழையுங்கள்: அரங்க அமைப்பு, உடை, ஒப்பனை, ஒலி, ஒளி, டிக்கெட். நடிகர்கள் கடைசியில். முதலில் நடிகர்களை அழைத்தால் கைதட்டல் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு துறை மொத்தமாக ஏறி, ஒரே படம் எடுத்து இறங்கியதால் 35 நிமிடத்தில் முடிந்தது. சான்றிதழ்களையும் அழைக்கும் வரிசையிலேயே அடுக்கி, துறைக்கு ஒரு கிளிப் போடுங்கள்.

எதிர்பாராதது: ஒளி இயக்குபவரால் விளக்குக் கட்டுப்பாட்டுப் பலகையை விட்டு இறங்க முடியவில்லை. அவர் பெயர் வந்ததும் அரங்க விளக்கைப் போட்டு, எல்லாரும் பின்னால் திரும்பிக் கைதட்டினோம். அன்றைக்கு அதிகச் சத்தம் அதற்குத்தான். கடைசி நாளில் உதவிக்கு வந்த இருவர் தாளிலேயே இல்லை. வெற்றுச் சான்றிதழ் ஐந்தும் பட்டைப் பேனாவும் கையில் இருந்ததால் தப்பித்தோம்.